வெடிக்கு விழிக்காத குழந்தை

"நில்லு! வெடி! நில்லு!"

சிவப்புக் கொடியோடு ஒருவர் சாலையின் நடுவில் நிற்கிறார். என் கணவர் பைக்கை நிறுத்துகிறார். மதியம் ஒன்று இருபது. அரியலூர்-பெரம்பலூர் சாலை. இடப்பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம். முன்னால் ஏழு லாரிகள். என் மடியில் மகள். பிறந்து ஒன்பது நாள்.

சைரன். நீளமாக ஒன்று, குட்டையாக மூன்று. வெடிக்கிறது. அதிர்வு டயர் வழியாக இடுப்புக்கு ஏறுகிறது. லாரிக் கண்ணாடிகள் கடகடக்கின்றன. மகளின் இமை அசையவில்லை.

"புள்ளைக்கு முடியல! வழி விடுங்க!" என் கணவர் கத்துகிறார். கொடிக்காரர் குனிந்து என் மடியைப் பார்க்கிறார். தூசு அடங்குமுன் விட்டுவிடுகிறார்.

எங்கள் ஊரில் நாள்தோறும் வெடி உண்டு. அதற்கு அலறும் கைக்குழந்தை பயந்தாங்கொள்ளி. தூங்கும் குழந்தை சமத்து. மூன்றாம் நாள் என் மகள் கைகளை விரித்து அலறினாள். ஆறாம் நாள் முகத்தைச் சுளித்தாள். எட்டாம் நாள் ஒன்றுமில்லை.

"பாத்தியா, அதுக்குள்ள பழகிடுச்சு. எங்க ஊரு புள்ளடி இது" என்றார் மாமியார். சிரித்தார். நானும் சிரித்தேன். வயிறு நிறைந்து தூங்குகிறாள் என்று நம்பினேன். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் மார்பில் வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் விழுங்குகிறாளா என்று பார்க்கவில்லை. காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. வலது மார்பு கல்லாக இருந்தது. போகப் போகச் சரியாகும் என்றார்கள்.

ஒன்பதாம் நாள் காலை, துணியில் செங்கல் நிறத்தில் ஒரு கறை. சிறுநீர் அவ்வளவுதான். கிளம்பினோம்.

பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரி. மணி இரண்டு ஐந்து. எடை இரண்டு கிலோ நானூறு. பிறந்தபோது மூன்று கிலோ நூறு. குதிகாலில் ஊசி குத்துகிறார்கள். அழவில்லை. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்கிறார் டாக்டர். கையில் குளுக்கோஸ் ஏறுகிறது.

மறுநாள் காலை ஆறரைக்கு அழுதாள். பூனைக்குட்டியின் சத்தம்.

அதற்குப் பிறகு தாய்ப்பால் சொல்லித்தரும் நர்ஸ் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் பால் கொடுப்பதைக் கடைசிவரை பார்த்தார். அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"காம்ப மட்டும் சப்புறா. கருவட்டமும் வாய்க்குள்ள போவணும்."

"ஒம்போது நாளா இப்படித்தாங்க குடுத்தேன்."

"நீங்க குடுத்தீங்க. அவ குடிக்கல."

"வெடிக்கே முழிக்கலன்னு எல்லாரும் மெச்சினாங்க."

"மயங்கிக் கெடக்குற புள்ளைக்கு மெடல் குடுத்திருக்கீங்க. நல்ல ஊரும்மா உங்க ஊரு."

திட்டிக்கொண்டே மகளை என் வயிற்றோடு ஒட்டித் திருப்பினார். அவள் வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்தார். பிறகு சட்டென்று மார்போடு அணைத்தார். தொண்டையில் சின்னச் சத்தம். ஒன்று. இடைவெளி. இன்னொன்று. பத்து வரை எண்ணினேன். பீய்ச்சிய பாலைச் சங்கில் ஊட்டவும் பழக்கினார். வலது மார்பில் சீழ் கட்டியிருந்தது. கீறி எடுத்தார்கள்.

அன்று மதியம் பக்கத்துக் கட்டிலுக்குச் செல்வி வந்தாள். வாலிகண்டபுரத்துக்காரி. எட்டு நாள் ஆண் குழந்தை. அழாமல் தூங்குகிறான் என்று அவள் வீட்டிலும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். அடுத்த நாள் காலை பத்து நாற்பதுக்கு அவன் இறந்தான்.

மாலையில் செல்வியின் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. நர்ஸ் பால் பீய்ச்சும் கிண்ணத்தோடு அவள் அருகில் உட்கார்ந்தார். "பால வத்த வைக்க வழி சொல்றேன். இல்ல, வேற புள்ளைங்களுக்குக் குடுக்கலாம். ரெண்டும் உங்க இஷ்டந்தாம்மா."

செல்வி சுவரைப் பார்த்தபடியே கை நீட்டிக் கிண்ணத்தை வாங்கினாள்.

என் மகள் இழந்தது எழுநூறு கிராம். திரும்பிவரப் பதினேழு நாள் ஆனது. என் வலது மார்பில் பால் திரும்பவில்லை. ஒரு தழும்பு இருக்கிறது. மாமியார் இப்போது எந்தக் குழந்தையையும் சமத்து என்பதில்லை.

செல்வி இழந்தது ஒரு மகனை. பதினாறாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'செல்வியின் ஆண் குழந்தை' என்று எழுதியிருந்தது.