முதல் ஆளாய் ஏறியவள்

டோர்கைர்: பெல்ட் போட்டாச்சா? ம்... சொல்லு. ஸ்கூல்ல எடை பாத்தாங்களா இல்லையா?

இங்வில்: முதல்ல ரொட்டி குடுப்பா. பசி உயிர் போகுது.

டோர்கைர்: காலையில கட்டிக் குடுத்தேனே?

இங்வில்: அது எடை பாக்கறதுக்கு முன்னாடியே காலி. வெறும் வயித்தோடயா மிஷின்ல ஏறுவாங்க?

டோர்கைர்: அடிப்பாவி! மத்தவங்கல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஏறுவாங்க...

இங்வில்: சிரிக்காதே. ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டு நர்ஸம்மா கதவைச் சாத்திட்டாங்க. எடையை யாருக்கும் சொல்ல மாட்டாங்களாம், பேரும் எழுத மாட்டாங்களாம். நார்வே முழுக்க மூணாங்கிளாஸ்ல எத்தனை பேர் குண்டுன்னு கணக்கு மட்டும்தானாம்.

டோர்கைர்: பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லலாம். நேத்தே சொன்னேன்ல...

இங்வில்: என் ஃப்ரெண்ட் சுனிவா அப்படித்தான் சொல்லிட்டா. பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா.

டோர்கைர்: ஐயோ... ஏன்?

இங்வில்: எங்க கிளாஸ்ல அந்த மாட்ஸ் இருக்கான்ல... "சுனிவாவும் இங்வில்லும் கடைசியில வாங்க, மிஷின் உடைஞ்சிடும்"னான்.

டோர்கைர்: அவனை...!

இங்வில்: ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா!

டோர்கைர்: சரி சரி. நீ என்ன பண்ணே?

இங்வில்: ஷூவைக் கழட்டிட்டு முதல் ஆளா உள்ள போயிட்டேன். வெளிய வந்து, "மிஷின் நல்லாத்தான் இருக்கு, நீயும் போய்ப் பாரு"ன்னேன். எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சிட்டாங்க. அவன் மூஞ்சியைப் பாக்கணுமே!

டோர்கைர்: அடி என் சிங்கமே! அப்போ... சுனிவா?

இங்வில்: கதவைத் தட்டினேன். "இஷ்டமில்லேன்னா வராதே. ஆனா குண்டா இருக்கறவங்கல்லாம் ஒளிஞ்சிக்கிட்டா, நம்மள மாதிரி யாருமே இல்லேன்னு கணக்கு சொல்லிடும்"னேன். தாழ்ப்பாளைத் திறந்துக்கிட்டு வந்துட்டா.

டோர்கைர்: இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது?

இங்வில்: எனக்குக் கழித்தல் தெரியாதா?

டோர்கைர்: அடேங்கப்பா, கணக்குப் புலி!

இங்வில்: என்னப்பா, கண்ணைத் துடைக்கிறே?

டோர்கைர்: வெயில் கூசுது.

இங்வில்: மேகமா இருக்கு!

டோர்கைர்: பெருமைடீ... போதுமா? ஒண்ணு சொல்றேன், அம்மாகிட்ட சொல்லிடாதே. இன்னிக்கு நான் வேலைக்கே போகல. காலையிலேருந்து ஸ்கூல் பின்பக்கம் இந்த வண்டிக்குள்ளதான் உக்காந்திருந்தேன். நீ அழுதுக்கிட்டு வந்தா அப்படியே கூட்டிட்டுப் போயிடலாம்னு...

இங்வில்: தெரியும்ப்பா, ஜன்னல் வழியாப் பாத்தேன். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு... இன்னும் ஒரு நிமிஷம் வரிசையில நின்னிருந்தா உங்கிட்ட ஓடி வந்திருப்பேன். அதான் முதல்லயே ஏறிட்டேன்.