பதினாலாம் நம்பர் வீடு

மயிலாப்பூரில் பங்குனித் திருவிழா. மாட வீதி முனையில் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி, அங்கே குடியிருப்பவர்களின் வண்டிகளை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தார் ஒரு கான்ஸ்டபிள். நான் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒரு வெள்ளை கார் மூங்கிலை முட்டுவது போல வந்து நின்றது. பின் சீட்டில் ஓட்டி வந்தவரின் மனைவியும் பட்டுப்பாவாடை கட்டிய மகளும். இருவர் மடியிலும் நீளமாக ஒரு வீணை.

“கழியைத் தூக்குப்பா. என் வீடு இங்கதான்,” என்றார் ஓட்டி வந்தவர்.

“எந்த வீடு சார்?”

“பதினாலு.”

“பழைய நம்பரா, புது நம்பரா?”

அவர் ஒரு கணம் யோசித்தார். “ரெண்டுமே பதினாலுதான்.”

“இன்னா சார், மெட்ராஸ்ல அப்படி ஒரு வீடு கீதா?”

“வேளச்சேரியிலேர்ந்து வரோம்னு சொல்லிடுங்களேன்,” என்றார் மனைவி.

ஓட்டி வந்தவரின் குரல் இறங்கியது. “பொண்ணுக்கு இன்னிக்கு முதல் கச்சேரிப்பா. கோயில் மேடையில. இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு.”

கான்ஸ்டபிள் மூங்கிலை இடுப்பளவுக்குத் தூக்கினார். “பாப்பா போலாம், அம்மா போலாம், வீணை போலாம். வண்டி போவாது. லஸ் பக்கம் வுட்டுட்டு நடந்து வா சார்.”

தாயும் மகளும் வீணையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, குனிந்து உள்ளே போனார்கள்.

“நான் வரதுக்குள்ள வர்ணம் முடிஞ்சிடுமேப்பா!”

“கவலைப்படாத சார். லஸ் வரைக்கும் ஸ்பீக்கர் கட்டிக்கீது. கேட்டுக்கினே ரிவர்ஸ் எடு.”