நான்காவது நிபந்தனை

தேநீருக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் விசாரணைக்கு வந்த இடத்தில் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது மரியாதையில்லை. முதல்வர் ஐயா மேசையின் அந்தக் கோடியிலும், சட்ட உதவி மைய மேடம் இந்தக் கோடியிலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவரைப் பார்த்துப் பேசினால் இன்னொருவருக்கு முதுகைக் காட்ட வேண்டியிருக்கிறது. அதனால் நடுவில் காலியாக இருக்கும் நாற்காலியைப் பார்த்தே பேசுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்மீது என்ன புகார் என்று எனக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி சொன்னால், இதில் புகாருக்கு என்ன இருக்கிறது என்று நீங்களே கேட்பீர்கள்.

நம் கல்லூரியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அரசுக் கல்லூரி, நகரத்தின் நடுவில், பஸ் பணிமனையை ஒட்டிய மூன்று மாடி. கொலைக்கும் கொலையாகாத மரணத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஐயா வகுப்பில் விளக்க ஆரம்பித்தாலே, கீழே ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு பின்னால் வரும். சத்தம் அடங்கும்போது ஐயா அடுத்த பிரிவுக்குப் போயிருப்பார். எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. தெரியாமலே எல்லாரும் பாஸ் செய்துவிட்டோம்.

ஆனால் சட்ட உதவி மையத்தை அப்படி ஒப்பேற்ற முடியாது. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் மையத்துக்கு வரும் உண்மையான தகராறு ஒன்றை எடுத்து, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்காவிட்டால் பட்டம் கிடையாது. நல்ல விதிதான். தகராறு எங்கிருந்து வரும் என்பதை மட்டும் விதி எழுதியவர் யோசிக்கவில்லை.

நூலகத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறைதான் மையம். அதன் வாசலில் நான் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் ஜெராக்ஸ் எங்கே எடுப்பது என்று கேட்டார்கள். மீதிப்பேர் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். இரு சாராருக்கும் சரியான ஆலோசனையே வழங்கினேன். தகராறு என்று ஒருவரும் வரவில்லை. இந்த வட்டாரத்து ஜனங்களிடம் அது ஒரு குறை. சண்டை வந்தால் தெருவிலேயே கத்தித் தீர்த்துவிட்டுச் சாயங்காலம் சேர்ந்து டீ குடிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சட்டக் கல்லூரி இருக்கிறதே, அதில் படிக்கிற பிள்ளைகள் பிழைக்க வேண்டாமா என்ற அக்கறையே இல்லை.

கல்லூரிக்கு எதிரே தையல்காரரும் இஸ்திரிக்காரரும் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடத்தை நடுவில் பலகை அடித்துப் பங்கிட்டுக்கொண்டவர்கள். இருவருக்கும் சேர்த்து ஒரு ரேடியோ. அது தையல்காரர் பக்கம் இருக்கும், எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்பதை இஸ்திரிக்காரர் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வார். நான் சிறுவயதிலிருந்து பார்க்கிறேன், ஒருநாள்கூட இருவரும் முகம் சுளித்ததில்லை. அவ்வளவு ஒற்றுமை சும்மா கிடந்தது.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தையல்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுக்கும்போது, கையைத் தூக்கி நின்றபடியே வருத்தத்தோடு ஒரு வார்த்தை சொன்னேன்.

"சொல்லக் கூடாதுதான் அண்ணே. உங்க தையல் கோணலை எல்லாம் தன்னோட இஸ்திரிப் பெட்டிதான் நிமித்துதுன்னு பக்கத்துக் கடைக்காரரு பேசிக்கிறாரு."

பிறகு பலகைக்கு அந்தப் பக்கம் போய், அவர் பெட்டி பட்ட துணியெல்லாம் மறுபடி ஒட்டுப்போட வருவதால்தான் தனக்குப் பிழைப்பு ஓடுகிறது என்று தையல்காரர் சொல்வதாக இஸ்திரிக்காரரிடம் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் சொன்னேன். பாரபட்சம் காட்டுவது எனக்குப் பிடிக்காது.

மறுநாள் ரேடியோ சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இஸ்திரிக்காரர் தன் பாட்டைத் தானே பாட ஆரம்பித்தார். அவருக்குக் குரல் கிடையாது. சட்டைப் பை கிழிந்து தொங்கியபோதும் பலகைக்கு இந்தப் பக்கம் வராமல் அப்படியே நாள்பூராவும் நின்றார். தையல்காரர், புதிதாகத் தைத்த உடுப்புகளைக் கசங்கிய மேனிக்கே வாடிக்கையாளர்களிடம் கொடுத்தனுப்பினார். கல்யாண மாப்பிள்ளை ஒருவர் அவர் தைத்த கோட்டில் தூங்கி எழுந்தவர்போலப் புகைப்படத்தில் நிற்கிறார். இந்த நிலையில் அவர்களை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. இருவரையும் மையத்துக்கு அழைத்துவந்தேன்.

மேடம் கூடவே இருந்தார். நான் எப்படிப் பொறுமையாகப் பேசினேன், எந்த இடத்தில் பேச்சை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒப்பந்தத்தை நானே எழுதினேன். ரேடியோ முன்போலவே திரும்பும். தைத்த துணி இஸ்திரிக்காரரிடம் மட்டுமே போகும். பேசிய பேச்சை இருவரும் மறப்பார்கள். நல்ல ஒப்பந்தம் என்றால் அடுத்த சண்டைக்கும் இப்போதே கதவை அடைக்க வேண்டும் என்று மேடம் வகுப்பில் சொல்லியிருந்ததால், நான்காவதாக ஒன்றையும் சேர்த்தேன். மூன்றாம் ஆள் யாராவது வந்து ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் ஏதாவது சொன்னால், அதை நம்புவதற்கு முன் இருவரும் நேரில் உட்கார்ந்து கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அந்த நிபந்தனையை மேடம் இரண்டு தடவை படித்துப் பாராட்டினார். இருவரும் கண்கலங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கும் கண் கலங்கியது. இது நடிப்பில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வெளித்தேர்வாளர் வந்து ஓர் அமர்வை நேரில் பார்க்கப்போகிறார் என்றும், அதை நடத்த என்னைவிட்டால் ஆள் இல்லை என்றும் மேடம்தான் சொன்னார். குடும்பத் தகராறாக இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றும் சொன்னார். அந்த வார்த்தையை மேடம் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றுதான்.

என் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் முதலாண்டு சேர்ந்த நாளிலிருந்தே, யார் வீட்டுக்கு வந்தாலும் "எங்க வக்கீல்" என்று என்னை அறிமுகப்படுத்துவாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். அத்தானும் நல்ல மனிதர். அவருடைய தனிச்சொத்து என்றால் மீசைதான். அந்த மீசையைப் பார்த்துத்தான் அக்கா கல்யாணத்துக்கே சம்மதித்தாள். இந்த விவரம் எனக்கு மட்டும் தெரியும். அவள் என்னை நம்பிச் சொன்னது.

அத்தானிடம், உங்கள் மீசை குத்துகிறது என்று அக்கா தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள், உங்களிடம் சொல்லச் சங்கடப்படுகிறாள் என்றேன். அன்பான மனிதர், அன்றைக்கே மழித்துவிட்டார். அக்காவிடம், அத்தான் அலுவலகத்தில் புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு மீசை வைத்தவர்களைப் பிடிக்காதாம் என்று மட்டும் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லவில்லை.

அக்கா அன்று மாலையே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். கோபத்தில் துணியை அடைத்து இழுத்ததில் பெட்டியின் ஜிப் பிய்ந்திருந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவும் சாக்கில் அழுதாள். அம்மா ஏதாவது கேட்டால் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள். நான் பக்கத்தில் போய் நின்று, மையத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் ஈரக் கையோடு என் தலையைத் தடவினாள்.

சில நாள் கழித்து அவளே என்னிடம் வந்தாள்.

"நான் போயிடறேன்டா. மீசை என்ன, வளர்ந்துட்டுப் போகுது. எனக்கு அந்த மனுஷனைப் பாக்கணும்."

தேர்வாளர் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. மரியாதையை விட்டுக்கொடுக்காதே, கொஞ்சம் பொறு என்று சொல்லி உட்காரவைத்தேன். அத்தான் வாசல்வரை வந்தபோது, அக்கா தூங்குகிறாள் என்று சொல்லி நானே திருப்பி அனுப்பினேன். உதட்டுக்கு மேல் லேசாகக் கறுக்க ஆரம்பித்திருந்த முகத்தோடு அவர் தெருவில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வழக்கு முன்கூட்டியே தீர்ந்துவிட்டால் அமர்வில் என்னதான் செய்வது?

இந்த இடத்தில்தான் தவறு நேர்ந்தது. அக்கா எனக்குத் தெரியாமல் திரும்பிப்போகத் தீர்மானித்து, ஜிப்பைச் சரிசெய்யப் பெட்டியை எதிர்க்கடைத் தையல்காரரிடம் கொண்டுபோயிருக்கிறாள். அங்கே அவரும் இஸ்திரிக்காரரும் ரேடியோவை நடுவில் வைத்துக்கொண்டு, என் நான்காவது நிபந்தனைப்படி, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பேச்சும் என்னிடம்தான் வந்து நின்றிருக்கிறது. ஒப்பந்தத்தை இவ்வளவு நேர்மையாக நிறைவேற்றிய கட்சிக்காரர்களை நான் பாடப்புத்தகத்தில்கூடப் படித்ததில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு நேராக அத்தானின் அலுவலகத்துக்குப் போய்விட்டாள்.

அமர்வு நாளன்று தேர்வாளர் வந்தார், மேடம் வந்தார், அக்கா, அத்தான், எதிர்க்கடைக்காரர்கள் என நான்கு பேரும் சேர்ந்து வந்தார்கள். தையல்காரர் சட்டைப் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து நான்காவது நிபந்தனையைச் சத்தமாகப் படித்தார். தேர்வாளர் என் வாசக அமைப்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார், பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை.

"உன்னை எங்க வக்கீல்னு ஊர்பூரா சொன்னேன்டா" என்றாள். அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். இருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. கோப்பில் அந்த வழக்கு இன்னும் தீராததாகவே இருக்கிறது.

அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. போன் செய்தால் அத்தான் எடுத்து, அவள் தூங்குகிறாள் என்கிறார். பட்டப்பகலில் தூங்குகிறாளாம். எனக்கு அது வலிக்கிறது, இதை ஒளிக்க வேண்டியதில்லை. மையத்துக்கு வந்திருக்கவேண்டிய முதல் உண்மையான தகராறு அதுதான். நானே ஒரு தரப்பாகிவிட்டதால் நானே அதைத் தீர்த்துவைக்க விதியில் இடமில்லை.

இனி மிச்சமிருப்பதையும் சொல்லிவிடுகிறேன். விசாரணைக் குழுவில் நீங்கள் இருவர்தான் என்றும், இருவரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டால்தான் என்னை நீக்க முடியும் என்றும் அறிவிப்புப் பலகையில் படித்தேன். படித்தபிறகு பியூன் அண்ணனிடம் வருத்தத்தோடு ஒன்றிரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தேன். ஐயாவின் பாடத்தைவிடப் பஸ் ஹார்ன் தெளிவாகப் புரிகிறது என்று மேடம் சொல்லவில்லை. மையத்தை மூடிவிட்டு அங்கே மறுபடியும் உடைந்த நாற்காலிகளைப் போடப்போவதாக ஐயாவும் சொல்லவில்லை. இரண்டையும் நான்தான் சொன்னேன். இருபுறமும் கொண்டுசேர்ப்பதைப் பியூன் அண்ணன் பார்த்துக்கொண்டார்.

இப்படி நீங்கள் இருவரும் ஆளுக்கொரு கோடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. எத்தனை வருடப் பழக்கம் உங்களுடையது. யாராவது ஒருவர் நடுவில் இருந்து பேசினால் அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும். அந்த நாற்காலியும் காலியாகத்தான் இருக்கிறது. சம்மதம் என்றால் வந்து உட்காருகிறேன், ஒப்பந்தத்தையும் நானே எழுதுகிறேன். நடந்ததிலிருந்து நான் பாடம் கற்றுக்கொள்ளாமல் இல்லை. இந்த முறை மூன்று நிபந்தனைகள் போதும்.