ரிவர்ஸ் பாடம்

கிளமெண்டியில் ரயிலேறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவர் காய்கறிப் பையைக் காலடியில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரர் ஸ்னோ வாரி எறியற மெஷின் வாங்கிட்டாரு."

சிங்கப்பூரில்! நான் செல்போனை மடியில் வைத்தேன்.

"எதுக்குக்கா?"

"கனடாவுல இருக்கிற மகளுக்கு. மாப்பிள்ளைக்கு முதுகுல ஆபரேஷன். அவதான் தனியா வாசல்ல கிடக்கிற ஸ்னோவை அள்ளிட்டிருந்தா. அவங்ககிட்ட சின்ன டிராக்டர் இருக்கு. அதுல மாட்டறதுக்கு அங்கயே செகண்ட்ஹேண்டா ஒண்ணு, ரெண்டு மாசம் முன்னாடி இவர் இங்கேருந்தே ஆன்லைன்ல பிடிச்சாரு. வந்து பார்த்தா பின்னாடி மாட்டற டைப். ரிவர்ஸ்லயே ஓட்டணுமாம்."

"ஐயோ, டிரைவிங் டெஸ்ட்ல ரிவர்ஸ்லதானே அவ மூணு தடவை ஃபெயிலானா!"

"அதான். அவளுக்குக் காலைன்னா நமக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம். வீடியோ கால் வந்ததும் இவர் தட்டைத் தள்ளி வச்சுட்டு, 'லெஃப்ட்டு, லெஃப்ட்டு, நிறுத்தும்மா'ன்னு கத்துவாரு."

"அண்ணனுக்கு லைசன்ஸ் இருக்கா?"

"எங்க லா! பஸ்ஸைத் தவிர எதுல ஏறியிருக்காரு?"

இருவரும் சிரித்தார்கள்.

"இன்னுமா அவளுக்கு ரிவர்ஸ் வரல?"

"போன மாசமே நல்லா வந்துடுச்சு. 'அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா'ன்னா."