கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரம்ஸ்

தொண்டை: ...அப்போ வர மாட்ட. அவ்ளோதானே?

இடி: வர மாட்டேன்னு எப்போ சொன்னேன்? கடை இருக்குன்னு சொன்னேன்.

தொண்டை: ஒரு நாள் கடையைப் பூட்டினா ஊர்ல எல்லாரும் துணி இல்லாம திரியப் போறாங்களா?

இடி: இந்தத் தையல் மெஷினை நாளைக்குக் குடுத்தாகணும். ஊசி தாவித் தாவி தைக்குது... நீ முதல்ல இப்படி வந்து உக்காரு. ஜன்னலை மறைச்சுட்டு நிக்கிற, உன் மூஞ்சியே தெரியல.

தொண்டை: என் மூஞ்சியைப் பார்த்து என்ன பண்ணப் போற?

இடி: எவ்ளோ வயசாயிருக்குன்னு பார்க்கணும்ல. தலைக்கு மை அடிக்கிறியா?

தொண்டை: மேடை இருந்தா மட்டும்.

இடி: இன்னிக்கு எங்க மேடை?

தொண்டை: பேச்சை மாத்தாத, இடி. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிற. எப்பவும் உன் தங்கச்சிதான் எடுக்கறா. அதான் நேர்லயே வந்துட்டேன்.

இடி: இடியா... அந்தப் பேரைக் கேட்டே எத்தனை நாளாச்சு! இங்க நான் மெஷின்காரர். மரியாதை தெரியுமா?

தொண்டை: உனக்காவது பேரு மாறிச்சு. என் பொண்டாட்டியே என்னை தொண்டைன்னுதான் கூப்பிடறா.

இடி: பேண்டுல கத்துறதைத் தவிர நீ வேற என்ன பண்ண?

தொண்டை: உன் டிரம்ஸுக்கு மேல கேக்கணும்னா கத்தித்தானேடா ஆகணும்? சரி, கேளு. ரேடியோ ஸ்டேஷன்லேருந்து அவங்களே கூப்பிட்டிருக்காங்க. நாம முதமுதல்ல வாசிச்ச அதே ரூம். அதே நாலு பாட்டு. நேரலை. பழைய ஆளுங்க நாலு பேரும்.

இடி: அதுக்குத்தான் எனக்கப்புறம் டிரம்ஸுக்கு வந்த புதுப் பையன் இருக்கானே.

தொண்டை: புதுப் பையனுக்கே கல்யாண வயசுல பொண்ணு இருக்கா.

இடி: அட... நல்லா வாசிக்கிறான்ல?

தொண்டை: நல்லாவே வாசிக்கிறான். ஆனா அந்த நாலும் உன் பாட்டுடா.

இடி: அன்னிக்கு ரேடியோவுல பதிஞ்ச டேப்பே இல்லன்னு சொன்னாங்களே.

தொண்டை: ஸ்டேஷன்ல இல்லதான். நம்மளை அழிச்சுட்டு அதே டேப்புல வானிலை அறிக்கையைப் பதிஞ்சுட்டாங்க.

இடி: பொருத்தம்தான். ராக் பேண்டுன்னு நாம போட்ட சத்தமும் புயல் எச்சரிக்கை மாதிரிதான் இருந்துச்சு.

தொண்டை: ஒரு டீச்சரம்மாகிட்ட கிடைச்சுச்சு. அப்போ ஸ்கூல் பொண்ணு. வீட்டு ரேடியோ முன்னாடி டேப் ரிக்கார்டரை வச்சுப் பதிஞ்சிருக்கா. மூணாவது பாட்டு நடுவுல அவங்க அம்மா வந்து...

இடி: வாய்லேருந்து கையை எடுத்துட்டுச் சொல்லுடா. அம்மா வந்து?

தொண்டை: அந்தக் கருமத்தை அணைடின்னு கத்துறாங்க!

இடி: பாரு... நமக்கு வந்த முதல் விமர்சனம்.

தொண்டை: ரெக்கார்டா வெளியிடப் போறாங்க. அதையும் சேர்த்தே போடுங்கன்னு சொல்லிட்டேன். இன்னொண்ணும் சொல்லியிருக்கேன். அன்னிக்கு உன்னைப் பக்கத்து ரூம்ல தள்ளி, நடுவுல கண்ணாடி இருந்துச்சே... இப்பவும் அப்படியே வேணும்னு. நான் உன்னைப் பார்த்து நின்னு பாடுவேன்.

இடி: இப்பதான் எல்லா வசதியும் வந்துடுச்சே. அது எதுக்கு?

தொண்டை: எனக்கு அப்படித்தான் வேணும்.

இடி: கிறுக்கு இன்னும் குறையல உனக்கு... இல்லடா. முட்டி வலி வேற. பெடலை மிதிக்க முடியாது.

தொண்டை: நாள் முழுக்க தையல் மெஷின் மிதிச்சுப் பார்க்கற காலுக்கு முட்டி வலியா?

இடி: அது வேற, இது வேற.

தொண்டை: முதல்ல கடை, அப்புறம் முட்டி. அடுத்து என்ன, ஜோசியர் வேணாம்னாரா? பேண்டை விட்ட அன்னிக்கும் இப்படித்தான். குச்சியை வச்சுட்டு எழுந்து போயிட்ட. நான் என்ன தப்பு பண்ணேன்னு வருஷக்கணக்கா மண்டையைக் குடைஞ்சிருக்கேன்டா. எனக்கு ரொம்ப வலிச்சுச்சு.

இடி: நீ ஒண்ணும் பண்ணல.

தொண்டை: அப்போ ஏன் போன?

இடி: அப்பாவுக்கு முடியல. கடையைப் பார்க்க ஆள் இல்ல. அவ்ளோதான்... உன் மேல எனக்கென்னடா கோபம்?

தொண்டை: சரி, ஒண்ணே ஒண்ணு பண்ணு. அந்த ரெண்டாவது பாட்டைக் கேளு. கேட்டுட்டும் வேணாம்னா நான் பேசாம போயிடறேன். திரும்ப வந்து தொல்லை பண்ண மாட்டேன்.

இடி: இப்பவா?

தொண்டை: இப்பதான். போன்ல இருக்கு. இந்தா, ஸ்பீக்கர். மெஷினைத் தள்ளு.

இடி: இத்துனூண்டு பொட்டியில என்னடா வரும்? குடு, கையைப் போட்டுப் பிடிச்சுக்கறேன், உருண்டுடும்.

தொண்டை: இரு, நான் இன்னும்...

இடி: உஷ்! ஆரம்பத்துல பேசாத. எனக்குப் பிடிக்காது.

தொண்டை: டேய், இது...

இடி: பேசாதன்னேன்ல... ம்ம். கித்தார் தனியா. மூணாவது தந்தி கொஞ்சம் இறங்கியே இருக்கு, பார்த்தியா? வெளியே மழை. வரும்போதே நனைஞ்சு போச்சு அது.

தொண்டை: ...ஆமா.

இடி: இப்போ நான். டும்... டும் டக். டும்... டும் டக். மெத்தையை அடிச்சுத் தூசி தட்டுற மாதிரி இல்ல? ரெக்கார்டிங் பண்ண அம்மா போர்வையைப் போட்டு மூடிட்டாங்க. “தம்பி, சத்தம் காட்டுற மீட்டர்ல முள்ளு சிவப்பைத் தொட்டா என்னைத் தொலைச்சுடுவாங்க”ன்னாங்க.

தொண்டை: ஞாபகம் இருக்கு.

இடி: அப்பவும் தொட்டுச்சு. அவங்க தலையில கை வச்சுட்டாங்க... இதோ நீ வந்துட்ட. எவ்ளோ சின்னப் பசங்கடா நாம! உனக்கு மீசையே சரியா வரல.

தொண்டை: ம்.

இடி: எனக்குக் குடுத்த ஹெட்ஃபோன்ல வெறும் கரகரப்பு. ஒண்ணும் கேக்கல. சொன்னா பாட்டை நிறுத்திடுவாங்களோன்னு பயம். கண்ணாடி வழியா உன் வாயைப் பார்த்தே முழுசா வாசிச்சேன். உனக்கு இது தெரியாதுல்ல?

தொண்டை: தெரியாதுடா. இப்பதான் சொல்ற.

இடி: இதோ... வருது, வருது... முந்திட்ட! சிவப்பு பல்பைப் பார்த்து மிரண்டு, ஒரு வரி முன்னாடியே ஆரம்பிச்ச பாரு. நான் ரெண்டு அடியை முழுங்கி ஓடி வந்து உன்னைப் பிடிச்சேன்.

தொண்டை: அப்புறம் மேடையிலயும் அப்படியே பாடினேன். அதைத்தான் இன்னிக்குப் பசங்க ஸ்டைலுன்னு பழகறாங்க.

இடி: புதுப் பையன்?

தொண்டை: சொல்லிக் குடுத்துப் பார்த்தேன். சரியாத்தான் வாசிக்கிறான். அந்த பயம் வர மாட்டேங்குது.

இடி: எப்படி வரும்? எனக்கு அன்னிக்கு உயிரே போயிடுச்சு... இரு, கடைசி கட்டம். டக டக டக டக... டும்! அவ்ளோதான். பல்பு அணையற வரைக்கும் யாரும் மூச்சு விடல. கித்தார்காரன் தும்மலை அடக்கி அடக்கிக் கண்ணுல தண்ணியே வந்துச்சு... என்னடா பார்க்கற? நல்லாத்தான் இருந்திருக்கோம். பரவாயில்ல.

தொண்டை: டேய்.

இடி: ம்?

தொண்டை: நான் பாட்டைப் போடவே இல்லடா. போட வந்தேன்... அதுக்குள்ள நீ ஆரம்பிச்சுட்ட. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல.

இடி: தெரியும்.

தொண்டை: என்ன தெரியும்?

இடி: கை பொட்டி மேலதானே இருக்கு. மெஷின் ஓடுதா, நிக்குதான்னு நாள் முழுக்கக் கையை வச்சுத்தான் பார்க்கறேன். இது தெரியாதா? ஒரு அதிர்வும் இல்ல. நீ எங்கயாவது நிறுத்துவன்னு பார்த்தேன்... நிறுத்தல.

தொண்டை: தெரிஞ்சே முழுசா வாசிச்சியா?

இடி: சொல்ல வாய் வரலடா. நீயா பார்த்துப் புரிஞ்சுக்கட்டும்னு வாசிச்சேன். பேண்டை விட்டப்பவே ஒரு காது போயிட்டிருந்துச்சு. நான் எங்கயோ வாசிக்க, நீங்க எங்கயோ பாட... நீங்களா போன்னு சொல்றதுக்கு முன்னாடி நானே போயிட்டேன். இப்போ ரெண்டும் சுத்தமா இல்ல.

தொண்டை: ...ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல...

இடி: அழாதடா. நீ அழுதா உதடு கோணிக்குது, என்ன பேசறன்னே புரிய மாட்டேங்குது. புதுப் பையனையே கூட்டிட்டுப் போ. யாராவது கேட்டா முட்டி வலின்னு சொல்லிடு. காதைப் பத்தி மட்டும் யார்கிட்டயும் மூச்சு விடாத... இப்பத்தானே உனக்கே தெரியும்.

தொண்டை: என்னை நேராப் பாரு. உன் தங்கச்சி போன மாசமே எங்கிட்ட சொல்லிட்டா. தெரிஞ்சுதான்டா உன்னைக் கூப்பிட வந்தேன்.