தொண்ணூறு சுற்று

முழங்கால் வலிக்கு சைக்கிள் மிதிப்பது நல்லது, மேடம். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

என் பெயர் ஜெயச்சந்திரன். வயது ஐம்பத்தெட்டு. ஆனைக்குட்டம் போகிற வழியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறேன். போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மகன் சூர்யபிரகாஷ் பெங்களூரிலிருந்து ஒரு டிரெய்னர் வாங்கி அனுப்பினான். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை அந்தத் தாங்கியில் மாட்ட வேண்டும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது. சிவகாசி வீட்டு மாடியில் ஜன்னலோரமாகப் போட்டிருந்தேன்.

"வேகம் முக்கியமில்லப்பா, காடென்ஸ்தான் முக்கியம்" என்றான். ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறோம் என்பதுதான் அது. ஒவ்வொரு சுற்றுக்கும் போனில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். எனக்குத் தொண்ணூறு என்று வைத்துக் கொடுத்தான். ஆரம்பத்தில் கால் எழுபதுக்கும் நூறுக்கும் இடையே அலைந்தது. மூன்றாம் மாதம் போன் திரையில் கோடு நேரானது. கோடு நேரானால் மூச்சு சீராகும், கோபம் வராது. வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்த நிம்மதியை நான் மட்டும் வைத்துக்கொள்வது சரியில்லை என்று தோன்றியது.

எங்கள் கம்பெனியில் காகிதக் குழாயில் வெடிமருந்து நிரப்புகிற அறை ஒன்று உண்டு. நான்கு பெண்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. அவர்கள் கைக்கு ஒழுங்கே கிடையாது. பேச்சு வந்தால் குறையும், சிரிப்பு வந்தால் நிற்கும். குழாயை எடு, நிரப்பு, வை. மூன்று அசைவுக்கு மூன்று சத்தம் போதும் என்று கண்டுபிடித்தேன்.

மருந்து அறைக்குள் கரண்ட் போகக்கூடாது. அந்த விதியை நான் மீறவில்லை. ஸ்பீக்கரை வெளியே வேப்பமரத்தில் கட்டி, ஆபீஸ் போனிலிருந்து வயர் இழுத்தேன். காலை எட்டு மணிக்கு ஆபீஸுக்குப் போன் போட்டுவிட்டு மாடியில் மிதிக்க உட்காருவேன். என் கால் ஒரு சுற்று சுற்றினால் ஆறு கிலோமீட்டர் தள்ளி மரத்தில் ஒரு 'டக்'. ஒன்பது மணி வரை அந்த அறை என்னோடு சேர்ந்து வேலை செய்யும். தாளம் தப்பினால் அறைக்கே ஒரு வாரம் வேலை இல்லை என்று சொல்லியிருந்தேன். அடித்ததில்லை, திட்டியதில்லை.

ஒருநாள் பத்து மணிக்குக் கம்பெனிக்குப் போனபோது, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"மொதலாளி எங்கனதான் போறாக? மாசக்கணக்கா மிதிக்காக, இன்னும் ஊரு வரலையே" என்றாள் பாண்டிமீனா.

"நீ ஏன் வருத்தப்படுதே? அவுகளுக்கு மூச்சு வாங்குனாத்தான் நம்ம கைக்கு ஓய்வு" என்றாள் வள்ளித்தாய்.

எனக்கும் சிரிப்பு வந்தது. நான் கோபிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போர்மேன் ஊர்க்காவலன் நல்ல மனிதர். இருபது வருடப் பழக்கம். ஒருமுறை சினேகா என்ற பெண்ணுக்குத் தலை சுற்றியதென்று வயரைப் பிடுங்கிவிட்டார். அவரை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னேன். அதே அறையில் வேலை பார்த்த அவர் மகள் ரோஜாவையும்தான். அதற்குப் பிறகு அவர் வயரைத் தொடவில்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை எட்டு ஐம்பத்தாறுக்கு அவர் குரல் அதே போனில் வந்தது. மூச்சு இரைத்தது.

"மொதலாளி, வள்ளித்தாய் கைபட்டு மருந்து சிந்திருச்சு. சத்தத்த நிப்பாட்டுங்க."

மருந்து சிந்தினால் என்ன செய்வது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நான்கு பேரும் கையை எடுத்துவிட வேண்டும். கால் தேய்க்காமல் ஒருவர் பின் ஒருவராக வெளியே வர வேண்டும். ஈரச் சாக்கால் துடைத்த பிறகே மறுபடி உள்ளே போக வேண்டும். என் அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

"வரச் சொல்ல வேண்டியதுதானே" என்றேன்.

"சொல்லிட்டேன். சத்தம் ஓடுதுல்லா, எந்திரிக்கப் பயப்படுதாக. நீங்க மிதிக்கத நிப்பாட்டுனா வந்துருவாக."

அது உண்மை. கால் நின்றால் சத்தம் நிற்கும். வேறு எதுவும் தேவையில்லை.

ஆனால் அன்று நாற்பத்தோராவது நாள், மேடம். நாற்பது நாளாகக் கோடு எங்கும் வளையவில்லை. ஒரு மணி நேரம் முடிய இன்னும் நான்கு நிமிடம்தான். சட்டென்று நிறுத்துவது இதயத்துக்கும் நல்லதில்லை.

"நாலு நிமிஷந்தான். வயர்ல கை வைக்காதீங்க" என்றேன்.

"ரோஜா உள்ள இருக்கா, மொதலாளி."

"தெரியும்" என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார் என்று நினைக்கிறேன். அவர் மூச்சும் என் சத்தமும் மட்டும் கேட்டன. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு போனில் வெடிச் சத்தம் வந்தது. அதே சத்தம் காற்றில் நடந்து வந்து என் ஜன்னல் கண்ணாடியை ஆட்டப் பதினெட்டு நொடி பிடித்தது. அதற்குள் இருபத்தேழு சுற்று மிதித்திருந்தேன்.

வள்ளித்தாய், பாண்டிமீனா, சினேகா, ரோஜா. நான்கு பெயரையும் சரியாகச் சொல்லிவிட்டேன் அல்லவா?

எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்கிறீர்கள். ஒன்பது மணிக்கு. மிச்ச நேரத்தையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். மரம் விழுந்து, ஸ்பீக்கர் எரிந்து, கேட்க யாரும் இல்லாத பிறகும் மிதித்தேன். அதை நான் மறைக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுத வேண்டும். என் போன் உங்கள் ஸ்டேஷன் மேஜையில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைக் கோட்டைத் திறந்து பாருங்கள். எட்டிலிருந்து ஒன்பது வரை தொண்ணூறு, தொண்ணூறு, தொண்ணூறு. என் பக்கம் பிசகே இல்லை. அந்த நான்கு பேரில் யாரோ ஒருத்திதான் தாளம் தப்பியிருக்கிறாள்.