ஆறு புள்ளி அஞ்சு

— பிரிண்டரை நிறுத்துங்க வசுந்தரா! இனி ஒரு ஜாதகம் இந்தக் கடைய விட்டு வெளிய போகக் கூடாது.

— என்ன ஹரிராம் சார், காலங்காத்தால? பெஞ்சுல நாலு பேரு ஒக்காந்திருக்காங்க. தேனி பஸ்ஸு போயிரும்னு பறக்குறாங்க.

— பறக்கட்டும். நான் எழுதுன புரோகிராம்லயே ஓட்டை. இங்க வாங்க, பாருங்க. பொறந்த நேரம் ஆறு மணி அஞ்சு நிமிசம்னா நம்ம ஊர்ல எப்படி எழுதுவாங்க?

— ஆறு, புள்ளி, அஞ்சு. சில பேரு புள்ளிக்கப்புறம் ஒரு சைபர் போடுவாங்க.

— பாருங்க, அங்கதான்! சைபர் போட்டா ஒண்ணுமில்ல. போடலேன்னா வெனை. எழுத்தா உள்ள போறத கம்ப்யூட்டர் நம்பரா மாத்துது. திருப்பி அச்சடிக்கையில, புள்ளிக்குப் பின்னாடி ரெண்டு எழுத்து இருக்கணும்னு நான் சொல்லி வச்சிருக்கேன்ல, அதுபாட்டுக்கு வால்ல ஒரு சைபரை ஒட்டிருது. ஆறு அஞ்சு, ஆறு அம்பது ஆயிருச்சு!

— முக்கா மணி நேரந்தான?

— அம்புட்டு லேசா சொல்றீங்க! லக்னமே மாறிருமே. எத்தனை கல்யாணம் நின்னுச்சோன்னு ராத்திரி பூராம் தூங்கல.

— கலங்காதீங்க. சீட்டுல சைபர் இல்லேன்னா டைப் பண்றப்ப நானே போட்டுருவேன். ஒண்ணு விடாம.

— அதையும் பாத்துட்டேன். ஆயிரத்துச் சொச்சம் ஜாதகத்தையும் ஒண்ணொண்ணாத் தேடிட்டேன். ஒண்ணே ஒண்ணுலதான் விட்டுப்போயிருக்கு. யாருதுன்னு சொல்லுங்க?

— யாருது?

— உங்களுது.

— ...சரி. விடுங்க சார்.

— எப்படிங்க விடுறது? போன வருசம் எங்கம்மா பொண்ணு கேட்டு உங்க வீட்டுக்கு வந்தாங்கள்ல, செவ்வாய் பன்னெண்டுல நிக்குதுன்னு உங்கப்பா கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிட்டாரு. பாருங்க, அது செவ்வாய் இல்ல, என் புரோகிராமு! இப்ப சரியா அடிச்சேன். செவ்வாய் லக்னத்துலயே இருக்கு. தோஷம் கிடையாது. ஒரு வருசமா இந்த மேசைக்கு அந்தப்பக்கம் உங்களப் பாத்துக்கிட்டே... நான் சொல்லலைன்னாலும் உங்களுக்குத் தெரியும்.

— தெரியும்.

— அப்புறமென்ன! இந்தா, வண்டியூருக்கு இப்பவே போறேன். அப்பா தறியிலதான இருப்பாரு?

— வண்டிச் சாவியக் கீழ வைங்க சார்.

— தப்பு என்மேலதான்னு அவர் கால்ல விழுகுறேன். அவருதான் பாவம் சைபர் போட மறந்திருப்பாரு...

— அப்பா மறக்கல.

— பின்ன?

— சைபர் போட்டுத்தான் எழுதிக் குடுத்தாரு. அப்படியே டைப் பண்ணி உங்க ஜாதகத்தோட வச்சுப் பாத்தேன். பத்துக்கு ஒம்பது பொருந்துச்சு சார். அதுக்கப்புறந்தான் அந்த சைபர எடுத்துவிட்டேன்.